ஒடுக்கப்பட்ட மக்களோடு கெஸ்டால்ட் முறையில் பணியாற்ற: புதிதாக வரும் ஆலோசகர்களுக்கு

சமூகப்பணி படித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். அல்லது உளவியல் முதுகலை முடித்து, அரசுக் கல்லூரி ஒன்றில் மாணவர் ஆலோசகராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். உங்கள் எதிரே வந்து உட்காரப்போகிறவர்களில் தூய்மைப் பணியாளர்கள் இருப்பார்கள். செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள், திருநங்கைகள், வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த தலித் மாணவர்கள் இருப்பார்கள். பயிற்சியில் கற்ற கெஸ்டால்ட் என்னும் உளச்சிகிச்சை முறையை இவர்களிடம் எப்படிக் கொண்டுசெல்வது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சூழலை, அதிலும் சாதி ஒடுக்குமுறைக்கு ஆளானவர்களை மனத்தில் வைத்தே பெரும்பாலும் பேசுவேன்.

ஒருவர் கூனிக் குறுகி, வாய்மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அதை அவருடைய குறையாகக் குறித்துக்கொள்வது எளிது. 'தன்னம்பிக்கை குறைவு', 'சமூகப் பதற்றம்' என்று படிவத்தில் எழுதிவிடலாம். கெஸ்டால்ட் பார்வை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. மனிதரைத் தனியே பிரித்தெடுத்துப் பார்க்க முடியாது, அவரும் அவரைச் சூழ்ந்திருப்பவையும் சேர்ந்து ஒரே களம் என்கிறது அது. உளவியலாளர் குர்ட் லெவினின் களக் கோட்பாட்டிலிருந்து வந்த கருத்து இது. அந்தக் களத்தில் உயிரோடும் வேலையோடும் தப்பிப் பிழைப்பதற்கு உடலும் மனமும் கண்டுபிடித்துக்கொண்ட வழிதான் அந்தக் குறுகல். எதிர்த்துப் பேசிய அண்ணனுக்கு ஊரார் கையால் அடி விழுந்ததைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருப்பது ஒரு திறன். அந்தத் திறனுக்கு நோயென்று பெயரிட்டு அதைப் பிடுங்கிவிடாதீர்கள். எங்கே, யாரிடம் அது இன்னும் தேவை, எங்கே அதைத் தளர்த்தலாம் என்பதை அவரே கண்டுகொள்ள உதவுங்கள். இனி வரும் படிகள் எல்லாமே இதைச் செய்வதற்கான வழிகள்தான்.

இந்த முறையை உருவாக்கியவர்களும் துரத்தப்பட்டவர்கள்தான். ஃபிரிட்ஸ் பெர்ல்ஸும் லாரா பெர்ல்ஸும் ஜெர்மானிய யூதர்கள். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பினார்கள். அங்கிருந்து தென்னாப்பிரிக்கா சென்றார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். 1951இல் வெளிவந்த, இம்முறையின் அடிப்படை நூலின் ஆசிரியர்களில் ஒருவரான பால் குட்மன், ஆண்கள்மீதான தம் ஈர்ப்பை மறைக்காததால் ஆசிரியர் வேலைகளை இழந்தவர். ஆனால் கெஸ்டால்ட்டை உலகம் பரவலாக அறிந்தது 1960களில் கலிஃபோர்னியாவின் எசலன் மையத்தில் ஃபிரிட்ஸ் நடத்திக்காட்டிய அமர்வுகளின் வழியாகத்தான். ஒருவரை எல்லோர் முன்னும் அமர்த்தி, சீண்டி, தன் வாழ்க்கைக்குத் தானே பொறுப்பு என்று அவரை ஒப்புக்கொள்ள வைக்கும் பாணி அது. வசதியுள்ள அமெரிக்கர்கள் பலருக்கு அது விடுதலையாக இருந்திருக்கலாம். ஒப்பந்தக் கூலிக்குத் தெருப் பெருக்கும் பெண்ணிடம் அதே பாணியில் பேசினால், வாழ்நாளெல்லாம் கேட்ட வசவை ஆலோசகரும் ஒருமுறை சொன்னதாக ஆகிவிடும். லாராவின் வழி வேறு. ஆளுக்குத் தேவையான அளவு தாங்கல் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் கொடுத்து அவர் காலை மடக்கிவிடக் கூடாது என்று அவர் கற்பித்தார். நமக்கு வேண்டிய முன்மாதிரி லாராதான்.

முதல் படி: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

களத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். உங்கள் பெயர், பேச்சு, உட்காரும் விதம், நெற்றியில் இருப்பது, பேச்சின் நடுவே தவறி விழும் ஒரு சொல் என எல்லாவற்றையும் எதிரே இருப்பவர் படித்துக்கொண்டிருப்பார். சாதி ஒடுக்குமுறையில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படிப்பு சிறுவயதிலேயே கைவந்துவிடுகிறது. அது அவர்களுடைய பாதுகாப்பு. ஆகவே 'நான் சாதி பார்ப்பதில்லை' என்ற நினைப்போடு அறைக்குள் போகாதீர்கள். நீங்கள் பார்க்காமல் இருக்கலாம். அவரால் பார்க்காமல் இருக்க முடியாது.

முதல் ஆளைச் சந்திப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சில கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். உங்கள் வீட்டு வேலைக்கு வந்தவருக்கு எந்தத் தம்ளரில் காப்பி கொடுத்தார்கள்? அவர் எங்கே உட்கார்ந்து குடித்தார்? வயதில் மூத்த ஒருவரை உங்கள் வீட்டுச் சிறுவர்கள் 'வா, போ' என்று அழைத்தார்களா? சாக்கடை அள்ளுபவர் பக்கத்தில் வந்து நின்றால் உங்கள் மூச்சு என்ன ஆகிறது? கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் கருத்தளவில் நாம் எல்லோரும் சமத்துவவாதிகள். மூச்சு பொய் சொல்லாது. கெஸ்டால்ட் ஆலோசகரின் முதல் கருவி தன் உடலில் எழுவதைத் தானே கவனிப்பது என்பதால், இந்தப் பயிற்சியைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போக முடியாது.

வெட்கப்பட வேண்டியதில்லை. 2021இல் தன்பாலீர்ப்புடைய இரு பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்குப் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பெழுதினார். நீதிபதி செய்ததை ஆலோசகரும் செய்யலாம்.

நீங்களும் அதே சமூகத்திலிருந்து வந்தவர் என்றால் உங்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. அவர் கதையைப் பாதியில் கேட்டதுமே மீதி தெரிந்துவிட்டதாகத் தோன்றும். அவர் காலனி உங்கள் காலனி அல்ல, அவர் அப்பா உங்கள் அப்பா அல்ல. அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு நாள் பயிலரங்கு மட்டும் முடித்தவர் இங்கே சொல்லப்போகும் கவனிக்கும் முறைகளைப் பின்பற்றலாம். காலி நாற்காலி (ஐந்தாம் படியில் விளக்குகிறேன்) போன்ற தீவிரமான உத்திகளை, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த மேற்பார்வையாளர் சாதி குறித்துப் பேசத் தயங்குபவராக இருந்தால் வேறொருவரைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: இடத்தைத் தயார்செய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் அவசரமாகக் கடந்துபோகும் படி இது. எனக்கு இதுதான் பாதிச் சிகிச்சை.

நாற்காலியிலிருந்து தொடங்குவோம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியானது. பதவியில் இருப்பவருக்கே அந்த நிலை. ஆகவே உங்கள் அறையில் இருக்கும் நாற்காலி சாதாரண மரச்சாமான் அல்ல. வந்தவர் நின்றுகொண்டே இருக்கலாம். அல்லது தரையில் உட்காரலாம். அல்லது நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். 'பரவாயில்லை, நன்றாக உட்காருங்கள்' என்று கட்டளையிடாதீர்கள். ஒரே உயரமுள்ள, ஒரே மாதிரியான நாற்காலிகளைப் போட்டுவையுங்கள். பாயும் ஒன்று இருக்கட்டும். உங்களுக்கு மட்டும் சுழல் நாற்காலி, மேசைக்குப் பின்னால் என்ற ஏற்பாட்டை மாற்றுங்கள். அவர் தரையில் அமர்ந்தால் நீங்களும் தரைக்கு இறங்குங்கள். பிறகு எப்போதாவது அவரே எந்த இருக்கை வேண்டுமென்று தேர்ந்தெடுப்பார். அன்று அதைக் கவனித்து, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்தது தேநீர். இரட்டைக் குவளை முறையின் நினைவு இன்னும் பழையதாகிவிடவில்லை. ஒரே மாதிரியான தம்ளர்களில், நீங்களும் அவரும் ஒரே நேரத்தில் குடியுங்கள். வந்தவருக்குக் காகிதக் கோப்பையும் உங்களுக்குப் பீங்கான் கோப்பையும் வைத்தால், நீங்கள் அன்று பேசும் எதற்கும் மதிப்பிருக்காது. அவர் வீட்டுக்குப் போனால் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். 'இப்போதுதான் குடித்தேன்' என்ற மறுப்பை அவர்கள் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார்கள்.

நேரமும் இடத்தைச் சேர்ந்ததுதான். தூய்மைப் பணியாளர்களின் நாள் விடியும் முன்பே தொடங்குகிறது. பகல் பதினொரு மணிக்கு அமர்வு என்றால் ஒருநாள் கூலியை இழந்துவிட்டு வர வேண்டியிருக்கும். வேலை முடிந்து, வீட்டுச் சமையலுக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் வையுங்கள். பஸ் கட்டணத்தை நிறுவனமே கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். குடியிருப்புக்குள் போய்ப் பேசுவதென்றால் சுவர்கள் மெல்லியவை, கூரை தாழ்ந்தது, பக்கத்து வீட்டில் எல்லாம் கேட்கும் என்பதை மறக்காதீர்கள். அங்கன்வாடிக் கட்டடமோ, பள்ளி முடிந்தபின் ஒரு வகுப்பறையோ கிடைக்குமா என்று பாருங்கள்.

படிவத்தில் இருக்கும் கேள்விகளையும் திருத்துங்கள். 'சொந்த ஊர் எது? எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்?' இவை நமக்கு விவரக் கேள்விகள். வாடகை வீடு தேடும்போதும் விடுதியில் சேரும்போதும் சாதியைத் தெரிந்துகொள்ள அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவையேதான். முதல் நாளில் இவற்றைத் தவிர்க்கலாம். எப்படி அழைப்பது என்று அவரிடமே கேளுங்கள். எந்த வயதினராக இருந்தாலும் 'நீங்கள்'தான். திருநங்கை, திருநம்பியரிடம் அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் மட்டும். பழைய பெயர் ஆவணத்துக்குத் தேவையென்றால் ஏன் தேவை என்று விளக்கிவிட்டுக் கேளுங்கள்.

மூன்றாம் படி: இப்போது நிகழ்வதைக் கவனியுங்கள்

கெஸ்டால்ட் அமர்வில் 'ஏன்' என்ற கேள்விக்கு வேலை குறைவு. 'ஏன் பேசாமல் இருந்தீர்கள்?' என்பது காவல் நிலையத்திலும் தலைமையாசிரியர் அறையிலும் கேட்கப்படும் கேள்வி. 'என்ன நடக்கிறது, எப்படி நடக்கிறது, இப்போது உடலில் எங்கே தெரிகிறது' என்பவை நம் கேள்விகள்.

நம் மக்கள் துயரத்தை உடலைக்கொண்டே பேசுகிறார்கள். நெஞ்சு அடைக்கிறது, வயிறு எரிகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, தலை கனக்கிறது. மேலைநாட்டுப் பயிற்சிக் கையேடுகள் உணர்ச்சிகளின் பெயர்ப் பட்டியலை நீட்டச் சொல்லும். இங்கே அது தேவைப்படாது. அவர் கொடுத்த சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியின் ஏச்சைப் பற்றிச் சொல்ல வந்த பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம்.

"அவர் ஏசும்போது என்ன செய்வீர்கள்?"

"என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவேன்."

"இப்போது அதைச் சொல்லும்போதே உங்கள் தாடை இறுகியதுபோல் எனக்குத் தெரிகிறது. உங்களுக்குத் தெரிகிறதா?"

"ஆமாம். இங்கேயும் வலிக்கிறது. கழுத்தில்."

"அந்த வலியோடு கொஞ்ச நேரம் இருக்கலாமா? முடியவில்லை என்றால் நிறுத்திவிடலாம்."

இவ்வளவுதான். தாடையைத் தளர்த்தச் சொல்லவில்லை, கோபத்தைக் கொட்டச் சொல்லவில்லை. முடிவெடுக்கும் உரிமை அவரிடம் இருக்கிறது. நிறுத்தலாம் என்று நீங்கள் சொல்வது சம்பிரதாயமாக இருக்கக் கூடாது. நிறுத்தியபின் உங்கள் முகம் மாறுகிறதா என்று அவர் பார்ப்பார்.

கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவரிடம் தொடுதல் பெரிய ஆறுதலாகலாம், பெரிய மீறலும் ஆகலாம், கேட்காமல் தொடாதீர்கள். கண்ணை மூடச் சொல்வதும் எல்லோருக்கும் பாதுகாப்பாக இராது. திறந்த கண்ணோடு, கால் தரையில் படுவதை உணர்வது போதும்.

ஆர்னால்ட் பெய்ஸர் என்ற மனநல மருத்துவர் 1970இல் எழுதிய கட்டுரை கெஸ்டால்ட் பயிலும் எல்லோருக்கும் பாடம். டென்னிஸ் வீரராக இருந்து இளம் வயதில் போலியோவால் உடல் செயலிழந்தவர் அவர். ஒருவர் தாம் அல்லாத ஒன்றாக ஆக முயலும்போது மாற்றம் நிகழ்வதில்லை, தாம் இருக்கும் நிலையை முழுமையாக வாழும்போதுதான் நிகழ்கிறது என்றார். இதை நம் களத்தில் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. தன் பயத்தை ஏற்றுக்கொள்வது வேறு, தன்மேல் சுமத்தப்பட்ட நிலைமையை ஏற்றுக்கொள்வது வேறு. இரண்டையும் குழப்பினால் சிகிச்சையின் பெயரால் அடங்கிப்போகச் சொல்லிக்கொடுத்தவர்களாவோம்.

நான்காம் படி: பழக்கங்களை அவற்றின் காரணத்தோடு படியுங்கள்

மனிதர் தம் சூழலோடு கொள்ளும் தொடர்பு எங்கெங்கே தடைபடுகிறது என்பதற்குக் கெஸ்டால்ட்டில் சில வகைகள் உண்டு. அவற்றில் இரண்டை விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வெளியே போக வேண்டியதைத் தன்மேலேயே திருப்பிக்கொள்வது. மேஸ்திரியின் மேல் போக வேண்டிய கோபம் தாடைக்கும் கழுத்துக்கும் போகிறது. சிலருக்கு அது குடியாகிறது, சிலருக்குத் தன் கையையே கீறிக்கொள்வதாகிறது, தற்கொலை எண்ணமாகிறது. பாடநூல் சொல்லும் வழி, அந்தச் சக்தியைப் படிப்படியாக வெளியே திருப்புவது. ஆனால் வெளியே யார் இருக்கிறார்கள்? நாளைக் காலை அதே மேஸ்திரிதான் வருகைப் பதிவேட்டோடு நிற்கப்போகிறார். அறையில் கத்தப் பழகியவர் அங்கேயும் கத்தினால் வேலை போகும். ஆகவே வெளியே திருப்புவதற்கு முன் அந்த அடக்கலுக்கு நன்றி சொல்ல இடம்கொடுங்கள். 'இந்தக் கடித்த பல் உங்களை எதிலிருந்தெல்லாம் காப்பாற்றியிருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்பை, வீட்டு வாடகையை, தன் உயிரை என்று அவர் வரிசையாகச் சொல்லக்கூடும். தன்னைக் கோழையென்று நினைத்திருந்தவருக்குத் தான் காவல் காத்துவந்தது தெரியவரும். அதன்பிறகே, யாரிடம் இந்தக் காவலைத் தளர்த்தலாம் என்ற பேச்சு எழ முடியும்.

இரண்டாவது, மெல்லாமல் விழுங்கிய கருத்துகள். இந்த உவமை ஃபிரிட்ஸ் பெர்ல்ஸுடையது: உணவைக் கடித்து, ருசித்து, வேண்டாததைத் துப்பினால்தான் உடம்பில் ஒட்டும், அப்படியே விழுங்கினால் கல்லாகக் கிடக்கும். 'நாம் இப்படித்தான்', 'நமக்கெல்லாம் எதற்குப் பெரிய படிப்பு', 'நான் கோட்டாவில் வந்தவன்' போன்றவை விழுங்கவைக்கப்பட்ட வாக்கியங்கள். இவற்றோடு வாதாடாதீர்கள். புள்ளிவிவரம் காட்டி மறுத்தால் ஒரு விழுங்கலுக்கு மேல் இன்னொரு விழுங்கல்தான். அந்த வாக்கியத்தை மெதுவாக, அவர் வாயாலேயே ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். யார் குரலில் கேட்கிறது என்று கேளுங்கள். ஓர் ஆசிரியர், ஒரு கடைக்காரர், சில நேரம் அன்பான தாய். தாயாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: மகன் அடிபடக் கூடாதே என்ற அச்சத்தில் அவர் ஊட்டிய வாக்கியம் அது. அந்த அன்பை வைத்துக்கொண்டு வாக்கியத்தை மட்டும் துப்ப முடியுமா என்பது அவர் மென்று பார்க்க வேண்டியது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேச்சை நழுவவிடுவது, சிரித்து மழுப்புவது எல்லாம் நீங்கள் நம்பத்தக்கவரா என்ற சோதனையாக இருக்கலாம், விட்டுப்பிடியுங்கள். கூட்டத்தோடு கரைந்திருப்பதைக் குறையாகக் காணாதீர்கள். வீட்டைவிட்டு விரட்டப்பட்ட திருநங்கைக்கு அவரைத் தத்தெடுத்த ஜமாத் என்னும் திருநங்கையர் குழுவும் அங்கிருக்கும் அம்மாவும்தான் உயிர். தனித்து நிற்பதே மனநலம் என்ற அமெரிக்க அளவுகோல் இங்கே செல்லாது.

தன் எண்ணத்தைப் பிறர்மேல் ஏற்றிப் பார்ப்பது என்ற வகையில் மட்டும் மிக நிதானமாக இருங்கள். 'வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்' என்று ஒரு மாணவர் சொன்னால், அது அவருடைய கற்பனை என்று முடிவுகட்டும் உரிமை உங்களுக்கு இல்லை. உண்மையாகவே சிரிக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பாகுபாட்டை அனுபவித்துவந்தவரிடம் அதுவும் உங்கள் மனத்தில்தான் இருக்கிறது என்று சொல்வது காயத்தின்மேல் இன்னொரு காயம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவும் ஒருவரின் சமூக, பொருளாதார நிலையை வைத்து மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது.

ஐந்தாம் படி: சிறிய பரிசோதனைகள்

பேசுவதோடு நில்லாமல், அறைக்குள்ளேயே ஒன்றைச் செய்து பார்ப்பது கெஸ்டால்ட்டின் தனித்தன்மை. பரிசோதனை என்றதும் காலி நாற்காலிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. இல்லாத ஒருவரை நாற்காலியில் இருப்பதாக எண்ணி அவரோடு பேசும் உத்தி அது. புதியவர்கள் அதைக் கடைசியாகத் தொடுங்கள்.

'எஸ்.சி. மாணவர்கள் எழுந்து நில்லுங்கள், உதவித்தொகைப் படிவம் வந்திருக்கிறது.' வகுப்பறையில் சொல்லப்படும் இந்த ஒரு வாக்கியம் எத்தனை பிள்ளைகளின் கழுத்தைக் குனியவைத்திருக்கிறது! இந்தக் காயத்தோடு வரும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அன்றிலிருந்து வகுப்பில் வாய்திறப்பதில்லை, கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

தொடக்கத்தில், அந்த நாளை நிகழ்காலத்தில் சொல்லச் சொல்லலாம்: 'நிற்கிறேன், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.' மூச்சு வேகமாகிறதா, முகம் வெளிறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அதிகமானால் உடனே நிறுத்தி, அறையில் கண்ணுக்குத் தெரியும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்து இங்கே அழைத்துவாருங்கள்.

வேறொரு நாளில், நிற்பது, உட்காருவது இரண்டையும் உடலால் செய்துபார்க்கலாம். ஆசிரியர் சொன்னதால் நிற்பதற்கும் தானே விரும்பி நிற்பதற்கும் முதுகில், தோளில் என்ன வேறுபாடு தெரிகிறது? பலமுறை எழுந்து உட்கார்ந்து பார்க்கட்டும். வார்த்தை எதுவும் வேண்டாம்.

அதன்பிறகு, யார் பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். பாட்டியா, நண்பனா, அம்பேத்கரா? காலி நாற்காலியில் முதலில் அமர வேண்டியவர் அவர்தான். கொடுமை செய்தவரை முதலில் கொண்டுவந்து உட்காரவைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரும்பிழை. ஆதரவாளர் வந்து அமர்ந்து, அவர் என்ன சொல்வார் என்று மாணவர் சொல்லிப்பார்த்து, உடல் சற்றுத் தாங்கல் பெற்ற பிறகே, அவர் விரும்பினால் மட்டும், ஆசிரியருக்கு ஒரு நாற்காலி. எவ்வளவு தூரத்தில் என்பதை மாணவரே தீர்மானிக்கட்டும். வராந்தாவில்தான் என்றால் வராந்தாவில். அந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து ஆசிரியராகப் பேசச் சொல்ல வேண்டாம். இருபக்கப் பேச்சு நெருங்கிய உறவுகளின் சிக்கலுக்குப் பொருந்தும். தன்னை அவமதித்தவரின் குரலை மீண்டும் தன் வாயால் பேசவைப்பதால் இங்கே எந்த நன்மையும் இல்லை.

அமர்வு முடியும் முன் கட்டாயம் கேட்க வேண்டியது: 'நாளை வகுப்புக்குப் போகும்போது இதில் எதை எடுத்துச் செல்வீர்கள், எதை இங்கேயே வைத்துவிடுவீர்கள்?' ஒரு வரிசை முன்னால் உட்காருவது போதும் என்று அவர் சொன்னால் அதுவே போதும். படிவம் வழங்கும் முறையை மாற்றச் சொல்லிக் கல்லூரியின் எஸ்.சி./எஸ்.டி. பிரிவிடம் பேசுவது மாணவர் வேலையல்ல. அவர் சம்மதத்தோடு நீங்கள் செய்ய வேண்டியது.

பறை, பாட்டு, ஒப்பாரி போன்றவற்றைப் பரிசோதனையில் சேர்க்க ஆசைப்படுவீர்கள். நல்ல ஆசைதான். ஆனால் ஒருவருக்குப் பறை விடுதலையின் முழக்கம். சாவு வீட்டில் அடிக்கும்படி அப்பா கட்டாயப்படுத்தப்பட்டதைக் கண்ட இன்னொருவருக்கு அது ஆறாத அவமானம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆறாம் படி: குழுவாகச் சேருங்கள்

அவமானம் ஒருவரை ஒளிந்துகொள்ளச் செய்கிறது. தனக்கு மட்டுமே இது என்று நம்பவைக்கிறது. ஆகவே முடிந்தபோதெல்லாம் குழு அமர்வுக்கு வழிசெய்யுங்கள். எட்டுப் பத்துப் பேர், ஒரே மாதிரியான வேலையில் இருப்பவர்கள். ஒருவரைத் தனியே நடுவில் அமர்த்தும் பழைய பாணி வேண்டாம். வட்டமாக அமர்ந்து, ஒருவர் சொன்னதைக் கேட்டபோது தன் உடலில் என்ன எழுந்தது என்று மற்றவர் சொல்வது. அறிவுரை கூடாது என்பது ஒன்றே கண்டிப்பான விதி. 'எனக்கும் கையைக் கழுவிக்கழுவித்தான் சோறு தின்னத் தோன்றும்' என்று ஒரு பெண் சொல்லும்போது, மற்றவர்கள் தலையசைப்பதைவிடப் பெரிய சிகிச்சையை நீங்கள் தனியாகச் செய்துவிட முடியாது.

உட்சாதி வேறுபாடுகளை மறக்க வேண்டாம். அருந்ததியர் ஒருவர் மற்றப் பட்டியல் சாதியினர் நடுவே வாய்திறக்காமல் இருக்கலாம். மேஸ்திரியின் உறவினர் யாராவது குழுவில் இருக்கிறாரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். குழுவில் பேசியது வெளியே போனால் வேலைக்கே ஆபத்து.

ஏழாம் படி: அறைக்கு வெளியே

களத்தை நம்புகிற ஆலோசகர் களத்தில் இருக்கும் சட்டத்தையும் அலுவலகங்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாதி வன்கொடுமை நடந்திருந்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணத் தொகை உண்டு. இதற்கான தேசிய உதவி எண் 14566. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பாதாளச் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. கணவரை அப்படி இழந்த பெண்ணோடு துக்கத்தைப் பற்றி மட்டும் பேசி, அந்தப் பணம் வந்ததா என்று கேட்காமல் விடுவது சரியல்ல. எங்கோ ஒரு மேசையில் கோப்பு தூங்கும்வரை அவருடைய துக்கமும் முடிவுக்கு வராது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது. நீங்கள் அவசரப்பட்டு ஊக்குவித்துவிட்டு, பின்விளைவின்போது காணாமற்போகக் கூடாது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவராக இருந்து, பாலியல் குற்றம் தெரியவந்தால் மட்டும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை; இந்த எல்லையை முதல் அமர்விலேயே சொல்லிவிடுங்கள்.

தற்கொலை எண்ணம் தெரிந்தால் பரிசோதனைகளை ஒத்திவையுங்கள். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வளர்ந்துவிடாது. தனியே விடாமல், மனநல மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். டெலி மனஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது. சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புப் பணியைச் செய்கிறது. குரல்கள் கேட்பது, நாள்கணக்கில் தூக்கமின்மை, நிகழ்காலத்தை இழந்து வெறித்திருப்பது ஆகியவையும் மருத்துவரைத் தேட வேண்டிய அறிகுறிகள். தன்பாலீர்ப்பை, பாலின அடையாளத்தை 'மாற்ற' வேண்டுமென்று குடும்பம் அழைத்துவந்தால் மறுத்துவிடுங்கள். மேலே சொன்ன 2021ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவு அதைத் தடைசெய்கிறது.

எட்டாம் படி: பதிவும் முடிவும்

குறிப்பேட்டில் தேவைக்கு மேல் எழுதாதீர்கள். சாதி, ஊர், முதலாளியின் பெயர், புகாரின் விவரம் ஆகியவை தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார்த்து எழுதுங்கள். மேலே சொன்ன மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியம் காக்கப்படும் உரிமையையும், 25ஆம் பிரிவு தம் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையையும் தருகிறது. நீங்கள் எழுதியதை அவர் ஒருநாள் படிக்கக்கூடும், அல்லது பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லக்கூடும்.

நிறுவனத்தின் திட்டக் காலம் எப்போது முடிகிறது என்பதை முதல் மாதமே சொல்லுங்கள். நிதி நின்றதும் ஆள்கள் மறைந்துபோவதை இந்த மக்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். முடியாமல் தொங்கும் காரியங்கள் மனிதரை எப்படி அலைக்கழிக்கும் என்று கற்பிக்கும் முறையைப் பின்பற்றுகிற நாம், இன்னொன்றை அவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போகக் கூடாது. கடைசி மூன்று நான்கு அமர்வுகளை விடைபெறுவதற்கென்றே ஒதுக்குங்கள். என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, உங்கள்மேல் என்ன கோபம் என்று கேளுங்கள். கோபத்தைச் சொல்லிவிட்டாரென்றால் விளக்கம் கொடுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகாரத்தில் இருக்கும் ஒருவரிடம் அவர் அப்படிப் பேசுவது ஒருவேளை முதல்முறையாக இருக்கலாம். அடுத்து அவர் யாரிடம் போகலாம் என்பதை எண்ணாகவும் முகவரியாகவும் எழுதிக்கொடுப்பதோடு நில்லாமல், அந்த ஆளிடம் ஒருமுறை நீங்களே கூட்டிச்சென்று அறிமுகம் செய்துவையுங்கள்.